பினாங்கில் ஒரு வாரம்: கூட்டாளிகளோடு ஒரே ஊரில் தங்கி வந்த அனுபவம்

பாலைக்காற்று (அபுதாபி):

வணக்கம் உறவுகளே. இந்த ஜூலையில் கல்லூரிக் கூட்டாளிகளோடு மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தேன். தனிமடலில் பலர் விவரம் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

ஏன் போனோம் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு வருடத்துக்கு 30 நாள் விடுப்பு. அந்த 30 நாளும் எங்கே போகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து, வங்கி, பத்திரப்பதிவு, அம்மாவுக்கு மருத்துவப் பரிசோதனை, பாதியில் நிற்கும் வீட்டு வேலை. இதெல்லாம் நம் கடமை, குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கூடப் படித்தவனைப் பார்ப்பது மண்டப வாசலில் ஐந்து நிமிடம் என்று ஆகிவிடுகிறது. "அப்புறம் கூப்பிடறேன்டா" என்று சொல்லிவிட்டுப் பிரிந்தால் அடுத்த சந்திப்பு அடுத்த கல்யாணத்தில். இப்படியே வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் சிங்கப்பூர், ஒருவன் ஈரோடு, ஒருவன் சென்னையில் ஆசிரியர், நான் அபுதாபி. எல்லோருக்கும் எட்டுகிற இடமாகத் தேடியபோது பினாங்கு அமைந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒன்றரை மணி நேர விமானம். சென்னையிலிருந்து நேரடி விமானமே இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா விலக்கு. வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

கிளம்புமுன்பே ஒன்று முடிவு செய்துகொண்டோம். பெட்டியை ஒரே ஒரு முறைதான் பிரிப்பது. கோலாலம்பூர் ஒரு நாள், கெந்திங் ஒரு நாள், லங்காவி இரண்டு நாள் என்று பேருந்துக்கும் படகுக்கும் ஓடுகிற வேலை வேண்டாம். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றை முழுதாக வாடகைக்கு எடுத்தோம். கீழே கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், மேலே அறைகள், மரப் படிக்கட்டு. நம் செட்டிநாட்டு வீட்டைச் சுருக்கி நீளவாக்கில் இழுத்துக் கட்டியது போல இருக்கும். தெருப்பக்கம் வீட்டுக்கு வீடு தொடர்ந்து ஓடும் ஐந்தடி நடைபாதை. வெயிலானாலும் மழையானாலும் அதற்குள்ளேயே பாதி ஊரை நடந்துவிடலாம்.

அங்கே பொழுது தாமதமாகத்தான் விடியும். காலை ஏழு மணிக்கும் அரை இருட்டு, மாலையில் ஏழரை வரை வெளிச்சம். அவசரம் இல்லாத வாரத்துக்கு இது ரொம்பவே ஒத்துப்போகிறது. எழுந்து, பக்கத்துச் சீனக் கோப்பிக் கடையில் காயா என்கிற தேங்காய்ப்பால் முட்டை ஜாம் தடவிய ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் சாப்பிட்டு உட்கார்ந்தால் பத்து மணி வரை பேச்சுதான். ஒரு நாளைக்கு ஒரே ஓர் இடம். அதுவும் விருப்பப்பட்டவர் மட்டும். மதியம் வீடு, தூக்கம். சாயங்காலம் மறுபடி தெரு. இதுதான் ஏழு நாளும்.

இடங்களைப் பற்றிக் கேள்வி வந்தால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

ஊர்சுற்றி77 (பெங்களூரு):

நல்ல பதிவு சகோ. ஆனாலும் ஏழு நாளையும் ஒரே ஊருக்குக் கொடுப்பது அதிகம் என்றே நினைக்கிறேன். அவ்வளவு செலவழித்து மலேசியா வரை போய்விட்டு லங்காவியைப் பார்க்காமல் திரும்பலாமா? வரியில்லாத் தீவு, கேபிள் கார், சதுப்புநிலக் காட்டுப் படகுப் பயணம், கடலும் பினாங்கைவிடத் தெளிவு. நான் போனபோது ஐந்து நாளில் மூன்று ஊர் பார்த்தேன். மறுபடி அந்தப் பக்கம் எப்போது போவோமோ என்ற எண்ணம்தான்.

பினாங்கில் சுவர் ஓவியம், பெரிய புத்தர் கோவில், மலை ரயில். இரண்டு நாளில் முடிந்துவிடுமே?

பாலைக்காற்று:

சகோ, கடலுக்காகப் போகிறவர்களை லங்காவிக்கே போகச் சொல்வேன். பினாங்கில் இருக்கும் பத்து பெரிங்கி என்ற கடற்கரை நடக்கவும் உட்காரவும் நன்றாக இருக்கும், தண்ணீர் கலங்கல்தான். ஜெல்லி மீனும் உண்டு. அதனால் நாங்கள் கடலில் இறங்கவே இல்லை.

ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு நாள் கணக்கு இடங்களைப் பார்ப்பதற்கான கணக்கு. நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கப் போனோம். முதல் இரண்டு நாள் எங்கள் பேச்சே வேலை, பிள்ளைகள் படிப்பு, மனை விலை என்றுதான் ஓடியது. மூன்றாம் நாள் ராத்திரிதான் ஈரோட்டுக்காரன் அப்பா போன பிறகு நூல் வியாபாரத்தைத் தனியாகத் தூக்கிச் சுமந்ததைச் சொன்னான். அவன் அப்பா இறந்தபோது நாங்கள் மூவரும் போனில் துக்கம் விசாரித்ததோடு சரி. அன்று அவன் பேசப் பேச இரண்டு மணி ஆகிவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் படகு இருக்கிறது என்றால் பத்து மணிக்கே படுக்கப் போயிருப்போம். அந்தப் பேச்சு நடந்திருக்காது.

இதனால்தான் ஒரே ஊர் என்பதில் அவ்வளவு உறுதியாக இருக்கிறேன்.

பட்டர்வொர்த்காரன் (பினாங்கு):

வணக்கம். எங்கள் ஊரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், படிக்க மகிழ்ச்சி. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நாள் காடியில் (காரில்) வந்து இறங்கி, படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு வாரம் இருந்தோம் என்று கேட்பது அபூர்வம்.

தங்குவது பற்றி ஒன்று. அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் குறுகிய கால வாடகைக்கு விடுவதற்கு 2023இல் மாநில அரசு கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. மலிவாக இருக்கிறதே என்று எடுத்து, பிறகு குடியிருப்புக் காவலாளியோடு வாசலில் வாக்குவாதம் செய்ய வேண்டாம். உரிமம் உள்ள தங்குவிடுதியா என்று கேட்டு எடுங்கள். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி தனியாக உண்டு. அதையும் வாடகைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளி உங்கள் பணத்தில் 20 ரூபாய்க்கு மேல் இருக்கும், வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று சொன்ன நண்பருக்கு. மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில் ஒரு காலை நேரம் மெதுவாக நடந்து பாருங்கள். ஒரு முனையில் 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அதைத் தாண்டினால் சீனர்களின் குவான் யின் கோவில், ஊதுபத்திப் புகை தெருவரை வரும். அடுத்து, குவீன் தெருவைப் பார்த்த வாசலோடு 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோவில். இன்னும் நடந்தால் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதை நிறுவிய காதர் முகைதீன் உங்கள் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தவர். நாலு மதத்தாரும் இருநூறு வருடமாக ஒரே தெருவில் சாமி கும்பிடுகிறோம். ஜார்ஜ் டவுனுக்கு 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதி கிடைத்ததற்கு இந்தத் தெருவும் ஒரு காரணம்.

மீனவன்மகன் (நாகப்பட்டினம்):

பட்டர்வொர்த் அண்ணா, சூலியா தெருவில் இருக்கும் நாகூர் தர்காவையும் சொல்லுங்கள். எங்கள் ஊரிலிருந்து கப்பல் ஏறிப் போனவர்கள் நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டியது. கட்டடம் சின்னது, கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். என் தாத்தாவின் அண்ணன் அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் பினாங்கு போனவர், திரும்பவில்லை. எனக்கு அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே ஏதோ செய்யும்.

ஒரு கேள்வி. படகுத் துறையிலிருந்து ஊருக்குள் வருவது எப்படி? பழைய பெரிய படகுகள் இன்னும் ஓடுகின்றனவா?

பட்டர்வொர்த்காரன்:

தம்பி, அந்தப் பழைய இரட்டைத் தட்டுப் படகுகள் 2020 முடிவில் ஓய்வுக்குப் போய்விட்டன. எங்களுக்கெல்லாம் அன்று மனசே சரியில்லை. 2023 ஆகஸ்டிலிருந்து புதிய படகுகள் ஓடுகின்றன. ஆட்களும் மோட்டார் சைக்கிளும் ஏறலாம், காடி ஏறாது. காடிக்குப் பாலங்கள் இருக்கின்றன. 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் ஒன்று, 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலம் இன்னொன்று.

கோலாலம்பூர் வழியாக வருகிறவர்களுக்கு என் யோசனை, இடிஎஸ் விரைவு ரயிலில் ஏறி, தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் பட்டர்வொர்த்தில் இறங்குங்கள். ஏறக்குறைய நாலு மணி நேரம். நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே வந்துவிடலாம். படகுக் கட்டணம் சில்லறைக் காசுதான். கால்மணி நேரத்தில் அக்கரை. இறங்கியதும் ஊருக்குள் சுற்றி வர இலவசப் பேருந்து இருக்கிறது. பள்ளிவிடுமுறை என்றால் ரயில் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுங்கள்.

உங்கள் தாத்தாவின் அண்ணன் பெயர், ஊர், வந்த காலம் தெரிந்தால் தனிமடல் போடுங்கள். இங்குள்ள பெரியவர்களிடம் விசாரித்துப் பார்க்கலாம்.

தஞ்சைமகள் (ரியாத்):

எல்லோரும் இடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் முதல் பதிவைப் பற்றிக் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் கணவருக்கும் வருடத்துக்கு ஒரு மாதம்தான். அதில் ஒரு வாரத்தைக் கூட்டாளிகளுக்கு என்று ஒதுக்கினால் ஊரில் வயதான மாமியார் என்ன நினைப்பார்? வீட்டில் இருக்கும் பெண் என்ன நினைப்பாள்? ஆண்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வாரம் ஓய்வெடுத்தோம் என்று எழுதுவது எளிது. அந்த வாரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது யார் என்பதையும் எழுதுங்கள் அண்ணா.

பாலைக்காற்று:

சரியான கேள்வி தங்கச்சி. மறைக்க ஒன்றும் இல்லை, சொல்கிறேன்.

என் மனைவியும் அபுதாபியில் என்னோடுதான் இருக்கிறார், வேலைக்குப் போகிறார். வருடத்தின் பெரிய விடுப்பு முழுக்க ஊருக்கும் பெரியவர்களுக்கும்தான், அதில் கைவைப்பதில்லை. இந்த வாரத்துக்கான நாட்களைப் பெருநாள் விடுமுறையில் வேலை பார்த்து ஈட்டிய மாற்று விடுப்பிலிருந்து எடுத்தேன். நான் இல்லாத வாரம் பிள்ளைகளை அவர்தான் பார்த்துக்கொண்டார். பிப்ரவரியில் அவர் தன் பள்ளித் தோழிகளோடு கேரளாவுக்குப் போகிறார், அந்த வாரம் வீடும் பிள்ளைகளும் என் பொறுப்பு. இதைப் பேசி முடிவு செய்த பிறகுதான் டிக்கெட் எடுத்தேன். ஒருவருக்கு மட்டும் கிடைக்கிற ஓய்வு என்றால் நானே போயிருக்க மாட்டேன்.

மாமியார் விஷயம் உண்மைதான். என் அம்மாவிடமும் முன்னாடியே சொல்லிவிட்டேன். "அந்த ஈரோட்டுப் பையன் வர்றானா? அவனைச் சாப்பிடச் சொல்லு, இளைச்சுப் போயிட்டான்" என்றுதான் சொன்னார்.

தஞ்சைமகள்:

நன்றி அண்ணா. இது போதும். நாங்களும் நாலு தோழிகள் பல வருடமாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். ஒருத்தி கனடா, ஒருத்தி கும்பகோணம், ஒருத்தி மஸ்கட். பெண்கள் மட்டும் போனால் பினாங்கு சரிப்படுமா? இரவில் நடக்கலாமா?

அடுப்பங்கரை (மதுரை):

தஞ்சைமகள், நான் அக்காவோடும் அண்ணியோடும் போய் வந்திருக்கிறேன். பெண்கள் மட்டும்தான். ஜார்ஜ் டவுனில் ராத்திரி பத்து, பதினோரு மணிக்கும் சாப்பாட்டுக் கடைகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். பயமாக இல்லை. தெருவோரம் நடக்கும்போது கைப்பையைச் சாலைப்பக்கம் தொங்கவிடாதீர்கள், மோட்டார் சைக்கிளில் வந்து பிடுங்குவது அங்கேயும் உண்டு. தூரமாக என்றால் கிராப் செயலியில் வண்டி உடனே கிடைக்கும். கொசு விரட்டி கட்டாயம் எடுத்துப் போங்கள், டெங்கு இருக்கிற ஊர்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு லிட்டில் இந்தியா போதும். மார்க்கெட் தெருவில் நுழைந்தால் மல்லிகைப்பூ கட்டிக்கொண்டிருப்பார்கள், சுடச்சுட வடை போடுவார்கள், இலைச் சாப்பாடு இருக்கும். ஆனால் வெளியே தெருக்கடையில் கேட்டுச் சாப்பிடுங்கள். அசாம் லக்சா என்கிற புளிக்குழம்பு நூடுல்ஸ் பார்க்க ரசம் மாதிரி இருக்கும், அதன் அடிப்படையே மீன், மேலே இறால் விழுதும் ஊற்றுவார்கள். கீரைப் பொரியல் என்று வருவதிலும் பெலாச்சான் என்கிற காய்ந்த இறால் விழுது இருக்கும். சார் குவே தியாவ் என்கிற வறுத்த அரிசி நூடுல்ஸ் பல சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்குவது. "காய்கறி மட்டும்" என்று சொன்னால் இதெல்லாம் நின்றுவிடாது, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

பாலைக்காற்று அண்ணா, நாசி கண்டார் சாப்பாடு பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?

பாலைக்காற்று:

அதற்குத் தனிப்பதிவு போடலாம் என்று வைத்திருந்தேன், இங்கேயே சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து நடை தூரத்தில் ஒரு கடை. சாயங்காலம் திறக்கும், அதற்கு முன்பே வரிசை நடைபாதை முழுக்க நிற்கும். முன்னால் பெரிய பெரிய ஈயப் பாத்திரங்கள். கோழி, ஆட்டுக்கறி, மீன்தலை, கணவாய், மீன்முட்டை, வெண்டைக்காய், உப்பு முட்டை. பரிமாறுகிறவர் தட்டில் சோற்றைத் தட்டி வைத்து, நாம் காட்டுவதை எடுத்து வைப்பார். அப்புறம்தான் அவர் வேலை ஆரம்பம். தட்டை இடது கையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கோழிக்குழம்பில் ஒரு கரண்டி, மீன்குழம்பில் அரைக் கரண்டி, கறிக்குழம்பின் மேலாக மிதக்கும் எண்ணெயில் கொஞ்சம், கடைசியில் கறுப்பாக இருக்கும் கெட்டிக் குழம்பில் ஒரு சொட்டு. சோறு தெரியாமல் மூடும் வரை ஊற்றுகிறார். எந்தக் குழம்பும் தனியாகத் தெரியாது, எல்லாம் சேர்ந்து வேறு ஒரு ருசி. சென்னை ஆசிரியர் முதல் நாள் முகம் சுளித்தார், "தனித்தனியா கிண்ணத்துல குடுக்க மாட்டாங்களா" என்று. மூன்றாம் நாள் அவரே வரிசையில் முதலில் நின்றார்.

பரிமாறியவரோடு பேச்சுக் கொடுத்தேன். தாத்தா கடையநல்லூர். தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் சோற்றுக் கூடையும் குழம்புச் சட்டியுமாகத் தோளில் கழி சுமந்து, துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதிலிருந்து வந்த சாப்பாடு இது. இன்றைக்கு மலேசியா முழுக்க எல்லா இனத்தவரும் வரிசையில் நிற்கிறார்கள். நம் ஆள் ஒருவர் கடல் தாண்டிக் கொண்டுபோன குழம்புக்கு நானும் அந்த வரிசையில் நின்றதில் எனக்குப் பெருமைதான்.

பட்டர்வொர்த்காரன்:

இறாலும் மீன்முட்டையும் எடுக்குமுன் விலையைக் கேட்டுவிடுங்கள். கோழியும் காயும் என்றால் கவலை இல்லை. பெரிய இறால் ஒன்று தட்டில் ஏறினால் பில் வேறு மாதிரி வரும். இது எல்லாக் கடைக்கும் பொருந்தும். கேட்பதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கொங்குச்சாரல் (கோவை):

அப்பா அம்மாவை அழைத்துப் போக நினைக்கிறேன். அப்பாவுக்கு 70, முழங்கால் வலி. அவர்களோடும் இப்படி ஒரே ஊரில் ஒரு வாரம் என்பது ஒத்துவரும் போலத் தெரிகிறது. மலைக்கு ஏற முடியுமா? தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் படிக்கட்டு நிறைய என்கிறார்களே?

பாலைக்காற்று:

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோவிலுக்கு 513 படி. 2012இல் மேலே புதுக்கோவில் கட்டித் திறந்திருக்கிறார்கள். நாங்கள் விடியற்காலையில் ஏறினோம், மேலிருந்து நகரமும் கடலும் தெரியும். முழங்கால் வலி என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். அதே சாலையில் கீழேயே நகரத்தார் கோவில் இருக்கிறது, அமைதியாக உட்கார்ந்து கும்பிடலாம். பக்கத்திலேயே தாவரவியல் பூங்கா, 1884இல் அமைத்தது. பெரியவர்கள் காலாற நடக்க அருமையான இடம். குரங்குகள் இருக்கும், கையில் தின்பண்டம் வேண்டாம்.

பினாங்கு மலைக்குப் பயமே இல்லை. இழுவை ரயில் 1923இலிருந்து ஓடுகிறது. இப்போதிருப்பது புதுப்பித்த வண்டி, சில நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். கீழே இருப்பதைவிட ஐந்து டிகிரி போலக் குளிர்ச்சி. உச்சியிலும் நம் முருகன் கோவில் ஒன்று, அருளொளித் திருமுருகன். அதற்குப் பக்கத்தில் பள்ளிவாசல். வார இறுதியில் போகாதீர்கள், வரிசையில் நின்றே அப்பாவுக்குக் கால் வலித்துவிடும். வார நாளில் மாலை நாலரை மணி போல ஏறினால் வெளிச்சத்திலும் பார்த்து, ஊரில் விளக்கு ஏறியதும் பார்த்துவிட்டு இறங்கலாம். 204 எண் பேருந்து அடிவாரத்தில் விடும்.

இன்னொன்று. பெரியவர்களோடு போனால் மரப் படிக்கட்டு உள்ள பழைய கடைவீடு வேண்டாம். படி செங்குத்து, ராத்திரியில் இறங்கச் சிரமம். மின்தூக்கி இருக்கும் விடுதியாகப் பாருங்கள்.

பட்டர்வொர்த்காரன்:

தைப்பூசத்துக்கு வந்தால் அப்பா அம்மாவுக்கு அதைவிட வேறு ஒன்றும் வேண்டாம். வெள்ளி ரதம் கிளம்பும் வழி முழுக்க ரோட்டில் தேங்காய் உடைப்பார்கள். சீனர்களும் குவியல் குவியலாக வாங்கி வந்து உடைப்பார்கள், நேர்த்திக்கடன் வைத்து வருடா வருடம் செய்கிறவர்கள். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தலில் சாப்பாடு, மோர். ஆனால் அந்த வாரம் அறை கிடைப்பது கடினம், நெரிசலும் உண்டு. நடக்க முடிந்தவர்களுக்குத்தான் சரி.

ஜனவரி, பிப்ரவரி பொதுவாக மழை குறைந்த மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம்.

ஊர்சுற்றி77:

படிக்கப் படிக்க என் கருத்து கொஞ்சம் மாறுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று. ஏழு நாளில் ஒரு நாளாவது வெளியே போகலாமே? பக்கத்துக் கெடா மாநிலத்தில்தானே பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. ராஜேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரம். தமிழர்கள் நாலு பேர் அவ்வளவு அருகில் இருந்துகொண்டு பார்க்காமல் வரலாமா?

பாலைக்காற்று:

போனோம் சகோ. வெளியூர் என்று போனது அது ஒன்றுக்குத்தான். ஆசிரியர் வரலாறு நடத்துகிறவர், அவரை நிறுத்த முடியுமா?

காலையில் வண்டி பேசிக்கொண்டு பாலம் தாண்டி வடக்கே மெர்போக் போனோம். அங்கே தொல்லியல் அருங்காட்சியகம். அதை ஒட்டிய சரிவிலேயே புக்கிட் பத்து பஹாட் கோவிலின் அடித்தளம், பின்னால் ஓடை ஒன்று சலசலத்து ஓடுகிறது. வேறு இடங்களில் கிடைத்த கோவில் அடித்தளங்களையும் கொண்டுவந்து அங்கே அமைத்திருக்கிறார்கள். கருங்கல்லில் தூண் நிறுத்தக் குழி வெட்டிய பீடங்கள். மேலே மரத்தூணும் கூரையும் இருந்து மக்கிப்போயிருக்க வேண்டும் என்று ஆசிரியர் விளக்கினார். தஞ்சாவூர் மாதிரி நிமிர்ந்து பார்க்கிற உயரத்தில் எதுவும் இல்லை, அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் எதிரே 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையைப் பார்த்தபோது, வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்கு இந்த மலைதானே முதலில் கண்ணில் பட்டிருக்கும் என்று அவர் சொன்னார். நாங்கள் அப்புறம் ரொம்ப நேரம் அங்கேயே நின்றிருந்தோம்.

படையெடுப்பு ஒரு முறை நடந்தது. வணிகமும் வழிபாடும் பல நூற்றாண்டு நடந்திருக்கிறது. அந்த இடத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது இரண்டாவதுதான்.

மீனவன்மகன்:

அண்ணா, டுரியான் பழம்? ஜூலையில் போயிருக்கிறீர்கள், கேட்காமல் விட முடியாது.

பாலைக்காற்று:

பாலிக் புலாவ் போனோம். தீவின் மேற்குப் பக்கம், தோட்டமும் கிராமமுமாக இருக்கும். டுரியான், ஜாதிக்காய், கிராம்பு. மரத்தடியில் வலை கட்டி வைத்திருக்கிறார்கள். காயைப் பறிப்பதில்லை, பழுத்துத் தானாக விழுந்ததைத்தான் எடுக்கிறார்கள். அன்று விழுந்ததை அன்றே சாப்பிடுவதுதான் ருசி என்று தோட்டக்காரர் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தார். கத்தி முனையைப் பழத்தின் அடியில் ஒரு குத்து, ஒரு திருகு. முள் ஓடு பிளந்து உள்ளே மஞ்சள் சுளை வரிசை. முதலில் லேசான இனிப்பானது, அப்புறம் படிப்படியாகக் கசப்பு கூடியது என்று வரிசைப்படி கொடுத்தார். ஆங் ஹே என்ற வகை செம்மஞ்சள் நிறம், கடைசியில் நாக்கில் மெல்லிய கசப்பு நிற்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். சிங்கப்பூர்க்காரனும் நானும் சாப்பிட்டோம், மற்ற இருவரும் ரம்புத்தானோடு நிறுத்திக்கொண்டார்கள். கிளம்பும்போது குளிர்ந்த ஜாதிக்காய்ச் சாறு கொடுத்தார், வெயிலுக்கு அவ்வளவு இதம்.

விடுதிக்குள் டுரியான் கொண்டுபோகக் கூடாது, அபராதம் போடுவார்கள். அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

தஞ்சைமகள்:

தோழிகளிடம் இந்த இழையைக் காட்டிவிட்டேன். மஸ்கட்காரி உடனே சரி என்றுவிட்டாள், கும்பகோணத்துக்காரி வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்கிறாள். கனடாக்காரிக்குத்தான் தூரம் அதிகம். ஜனவரி கடைசியா, பிப்ரவரியா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். தைப்பூச வாரத்தைத் தவிர்த்துவிடலாம் என்று முடிவு.

பட்டர்வொர்த் அண்ணா, நாலு பெண்களுக்கு லிட்டில் இந்தியாவுக்கு நடந்து போகிற தூரத்தில், சின்னதாக ஒரு சமையலறையும் இருக்கிற மாதிரி வீடு எந்தத் தெருப்பக்கம் பார்க்கலாம்? எங்களில் ஒருத்திக்குக் காலையில் டிகிரி காப்பி அவளே போட்டுக் குடிக்க வேண்டும்.

பட்டர்வொர்த்காரன்:

தங்கச்சி, முன்ட்ரி தெரு, ஸ்டீவர்ட் லேன், ஆர்மீனியன் தெரு, இந்தப் பக்கம் பாருங்கள். எல்லாம் லிட்டில் இந்தியாவிலிருந்து பத்து நிமிட நடைக்குள் வரும். லவ் லேன் பக்கம் ராத்திரி மதுக்கடைச் சத்தம் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். ஆர்மீனியன் தெருவில் எடுத்தால் பின்பக்க அறையாகக் கேளுங்கள், முன்பக்கம் சுவர் ஓவியத்தோடு படம் எடுக்க வரும் கூட்டம் காலை ஒன்பது மணிக்கே ஆரம்பித்துவிடும்.

காப்பித்தூளும் ஃபில்டரும் மார்க்கெட் தெருவிலேயே கிடைக்கும், சுமந்து வர வேண்டாம். பசும்பால் பேரங்காடியில் கிடைக்கிறது. இரண்டு மூன்று வீட்டைப் பார்த்து வைத்துவிட்டு இணைப்பை இங்கே போடுங்கள், எந்தத் தெரு, எவ்வளவு சத்தம் என்று பார்த்துச் சொல்கிறேன்.